நகலில் விடுபட்ட நாட்கள்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்ட கணினிக்குச் சரி என்று அழுத்தினேன். புதிய அப்டேட் இறங்கிவிட்டது, ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும் என்று நான்கு நாட்களாகத் திரையின் மூலையில் நச்சரித்துக்கொண்டிருந்தது. பத்து நாற்பதுக்கு முப்பத்தைந்து சதவீதம் என்று காட்டியது. பதினொன்றேகாலுக்கும் முப்பத்தைந்து. பன்னிரண்டு மணிக்கு அதுவாகவே அணைந்து, அதுவாகவே எழுந்து, நீலத் திரையில் ஒரு சோக முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி அணைந்தது. பிறகு அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தது.

மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கதவு கிடையாது. கழற்றி வைத்துவிட்டோம். குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. அடுப்பு எரியும்போது அவள் என் கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் கணினி மேசையையே அந்த இடத்தில் போட்டிருக்கிறேன்.

"என்னாங்க, அது மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு இருக்குது?"

"அப்டேட் ஆவுது."

"களி ஆறிப்போறதுக்குள்ள ஆயிருமா, இல்ல அதுக்கும் ஒரு உருண்டை வெக்கட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்கவேண்டியிருந்தது.

என் மனைவிக்கு ஐந்து வருடமாக வலிப்பு. மாத்திரையில்தான் ஓடுகிறது. மாத்திரை வலிப்பை ஓரளவு தள்ளி வைக்கும், கூடவே அவளையும் தள்ளி வைத்துவிடும். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவாள். பேச்சுக்கு நடுவே ஒரு சாதாரணச் சொல் கிடைக்காமல் போய், "அதாங்க, அந்த இது, மொறத்துக்குப் பக்கத்துல தொங்குமே" என்று கையை ஆட்டுவாள். ஊர்வாயை அடக்குகிற பேச்சுக்காரி அவள். சொல் கிடைக்காத அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் வருகிற கோபத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

போன முறை டாக்டர் கேட்டார்: "இப்ப எப்படி, அடிக்கடி வருதா, குறைஞ்சிருக்கா?" நான்தான் பதில் சொன்னேன். "குறைஞ்சிருக்குதுங்க டாக்டர்." என் பதிலில் உறுதி இருந்தது. "எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். "அப்ப அடுத்த தடவை அதைக் கொண்டு வாங்க. பார்த்துட்டு, நிஜமாவே குறைஞ்சிருந்தா மாத்திரையைக் குறைச்சுடலாம்."

அன்று சேலத்திலிருந்து திரும்பும் பேருந்தில் அவள் தூங்கவே இல்லை. அரூரில் அவளுடைய அக்கா இருக்கிறாள். ஐந்து வருடமாக நான் கூட்டிப்போனால்தான் போகிறாள். "மாத்திரைய கொறச்சுட்டா நானே பஸ் ஏறி அரூருக்குப் போயிட்டு வருவேன். நீங்க வூட்ட பாத்துக்கிட்டுக் கெடங்க," என்றாள். தருமபுரி வந்து சேரும்வரைக்கும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கணக்கு முழுவதும் இந்தக் கணினிக்குள்தான் இருந்தது.

நான் என்ன எழுதி வைத்திருந்தேன், எப்படி எழுதி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் கோளாறு அங்கேதான் இருந்தது. முப்பது வருடம் அரசு வேலையில் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் கொட்டகைகளைச் சுற்றி வந்தவன் நான். காலை வெப்பம், மாலை வெப்பம், ஈரப்பதம், புழு எத்தனையாவது தோலுரிப்பில் இருக்கிறது, எல்லாவற்றையும் அன்றன்றைக்கு அன்றன்றைய தேதியில் எழுதவேண்டும். வெள்ளிக்கிழமை வந்து புதன்கிழமைக் கட்டத்தை நிரப்பினால் மேலதிகாரி மையின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பதிவு அதன் தேதியின்மேல் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது எனக்குள் ஊறிப்போன ஒன்று. அதற்கு மேல் நான் சரித்திரப் புத்தகங்களும் பழைய நாட்குறிப்புகளும் நிறையப் படிப்பவன். தேதி இல்லாத செய்தியை வதந்தி என்றே எடுத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்ற வருடம்தான் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அதே வருடம் தருமபுரியில் ஒரு கடையில் சொல்லி இந்தக் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டினேன். ஒரு நாளுக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயர் அந்த நாளின் தேதி. மழை, கிணற்றுத் தண்ணீர், வந்தவர் போனவர், படித்த பக்கம், எல்லாம் இருக்கும். வலிப்பு வந்த நாள் என்றால் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, எந்தக் கை முதலில் இழுத்தது, முந்தின இரவு தூங்கினாளா, எழுந்ததும் முதலில் என்ன கேட்டாள் என்பதும் இருக்கும்.

ஆனால் வலிப்பு வந்த அன்று நான் ஒருநாளும் கணினி முன்னால் உட்கார்ந்ததில்லை. அன்று அவள் பக்கத்திலேயே கிடப்பேன். மறுநாள் முழுவதும் அவள் தூங்குவாள், அப்போதும் பக்கத்திலேயே இருப்பேன்; நாள் முழுக்கத் தூக்கம் என்று அன்றைய கோப்பில் ஒரு வரி போட மட்டும் எழுந்துபோவேன். வலிப்பு வந்த நாளை இரண்டு நாள் கழித்துத்தான் எழுத முடியும். அப்போது கணினியின் கடிகாரத்தை இரண்டு நாள் பின்னால் தள்ளி வைத்துவிட்டு எழுதுவேன். கோப்பின்மேல் நிகழ்ந்த நாளின் தேதியே விழும். எழுதி முடித்ததும் கடிகாரத்தை இன்றைக்குக் கொண்டுவந்துவிடுவேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. பதிவை அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பதாகத்தான் நினைத்தேன்.

அப்டேட்டுக்கு முந்தின சனிக்கிழமை மதியம் அவளுக்கு வந்தது. திங்கள் காலை சனிக்கிழமைக்குக் கடிகாரத்தைத் தள்ளி, சனிக்கிழமையை எழுதி முடித்தேன். கடிகாரத்தைத் திருப்ப மறந்துவிட்டேன். அந்த நிலையில்தான் சரி என்று அழுத்தினேன்.

மதியத்துக்கு மேல் நானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கியது இரண்டாவது தவறு. நாலைந்து முறை அணைந்து எழுந்த பிறகு அது ஒரு பட்டியலைக் காட்டியது. பழைய நாளொன்றுக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒரு வழி இருந்தது. முயன்றேன், முடியவில்லை என்றது. எல்லாவற்றையும் புதிதாக்கு, ஆனால் என் கோப்புகளை வைத்துக்கொள் என்று இன்னொரு வழி இருந்தது. அந்த வாக்கியத்தை ஏழெட்டு முறை படித்தேன். வைத்துக்கொள்ளும் என்றுதான் தெளிவாக எழுதியிருந்தது. அழுத்தினேன். ஐம்பத்தொரு சதவீதத்தில் அதுவும் நின்றது. மாலை ஆறுவரைக்கும் அந்த ஐம்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து தோளைத் தட்டி, "எந்திரிங்க. பாத்துக்கிட்டே இருந்தா பால்தான் பொங்கும்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மின்கம்பிகளையெல்லாம் பிடுங்கி, பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பென்னாகரத்திலிருந்து பேருந்து ஏறினேன். அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் அவளும் பக்கத்தில் இருந்தாள். நடத்துநர் போர்வையைப் பார்த்துவிட்டு, "என்னாங்க பெரியவரே, பச்சக் கொழந்தையா? மூஞ்சிய மூடி வெச்சிருக்கீங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "கொழந்ததாங்க. பேச்சு மூச்சில்ல. ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போறோம். அரை டிக்கெட்டு போட்டுறாதீங்க."

பேருந்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவரும் அவரும் சேர்ந்து தொடங்கிய கடை, இப்போது கடைக்காரம்மா ஒருவர்தான் பார்க்கிறார். என் கணினியைக் கட்டியது அவர் கைதான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் அது பொருத்தப்பட்ட தேதியை எழுதிச் சின்னத் துண்டுக் காகிதமாக நான் ஒட்டி வைத்திருந்தேன்.

"தருமபுரி டவுனு பூரா மிஷினு தொறக்கறேன் சார். உங்க மிஷினுக்கு மட்டுந்தான் ஜாதகம் உள்ளயே ஒட்டியிருக்குது."

"வூட்டுல மிக்ஸிக்கும் ஒட்டியிருக்காரு. எனக்குத்தான் இன்னும் ஒட்டல," என்றாள் என் மனைவி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே.

கடைக்காரம்மா மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். நினைவகத் தகட்டைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, மறுபடி மாட்டினார். ஒரு பென்டிரைவைச் செருகிக் கணினியை அதிலிருந்து எழுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, டாக்டர் கேட்பதுபோல் கேட்டார்: "நீங்களா எதாச்சும் பண்ணுனீங்களா சார்? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். கோப்புகளை வைத்துக்கொள் என்பதைத்தான் அழுத்தினேன், ஐம்பத்தொன்றில் நின்றுவிட்டது, அப்போது மணி மூன்று ஐந்து என்றேன்.

"மணியெல்லாம் வேணாங்க சார். பாதியில நின்னுச்சா, முழுசா முடிஞ்சுச்சா, அது போதும்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு. உள்ள இருக்கற கடிகாரம் சனிக்கிழமையில நிக்குது. பேட்டரி போயிருக்கும்னு பாத்தா பேட்டரி நல்லாத்தான் இருக்குது. எதுக்கும் மாத்திரட்டுமா?"

"மாத்திருங்க," என்றேன்.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து விளையாடுகிறான் என்பதை ஒரு கடையில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தது. என் மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் மறுபடி இருவரும் போனோம். மேசைமேல் என் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரை பளிச்சென்று இருந்தது, கட்டி வந்த முதல் நாளில் இருந்ததுபோல. ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

"மிஷினுக்கு ஒன்னுமில்லீங்க சார். புதுசா போட்டு வுட்டுட்டேன், குதிரையாட்டம் ஓடுது. ஆனா பழைய டிஸ்க்குல இருந்தது எதுவும் வரல." அதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற மிஷின்ல மாட்டி நேத்து பூரா தேடுனேன். பாதியில நின்னுச்சுல்ல, அதுக்குள்ள அது அழிக்க ஆரம்பிச்சிருச்சு. பழைய மாடல் சுத்தற டிஸ்க்கா இருந்தா அழிச்சதயும் தோண்டி எடுத்துரலாம். இது அப்படி இல்லீங்க. வேகமா இருக்கணும்னு நீங்கதான் இத மாத்தச் சொன்னீங்க. இதுல அழிஞ்சா, அந்த எடத்த அதுவே தொடச்சும் வெச்சுரும்."

"அப்டேட் ஏங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"கடிகாரம் தப்பா இருந்தா அப்படி ஆவறதும் உண்டு. இல்லாமயும் ஆவும். அடிச்சு சொல்ல முடியாதுங்க."

என் மனைவிதான் கேட்டாள்: "அதுக்குள்ள ரெண்டு... அது... ரெண்டு இருக்குதுன்னு சொல்லுவீங்களே?"

இரண்டாவது டிஸ்க்! பதற்றத்தில் நானும் கடைக்காரம்மாவும் அதை மறந்தே போயிருந்தோம். இந்தக் கணினியைத் தனியாகக் கட்டச் சொன்னதே அதற்காகத்தான். ஒன்றில் எழுதுவது, இன்னொன்றில் நகல். ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு அதுவாகவே நகலெடுக்கும்படி இதே கடைக்காரம்மா அமைத்துக் கொடுத்திருந்தார். அவர் அந்த டிஸ்க்கைத் திறந்தார். தேதிகள் வரிசையாக இறங்கின. ஐந்து வருடம், நாள் நாளாக. என் கண் கலங்கிவிட்டது. கடைக்காரம்மா பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

கடைசியாக எழுதிய சனிக்கிழமையை அவளுக்குக் காட்டலாம் என்று தேடினேன். வெள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட ஒரு வரி இருந்தது. சனி இல்லை. அது அப்டேட்டில் போயிருக்கும் என்று நினைத்து, அதற்கு முந்தின வலிப்பு நாளைத் தேடினேன். இல்லை. அதற்கும் முந்தினது இல்லை. மஞ்சள் பூசிய கையோடு அவள் விழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது, பொங்கலுக்கு முந்தின நாள். பொங்கல் இருந்தது, அதற்கு முந்தின நாள் இல்லை.

"இல்லாத நாளயெல்லாம் எப்ப எழுதுனீங்க சார்?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

இப்போது சொன்னேன். கடிகாரத்தைத் தள்ளி வைப்பதை, எதற்காக என்பதை, ஐந்து வருடமாகச் செய்து வருவதை. அவர் கையிலிருந்த தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், கடைசியா எப்ப நகலெடுத்துச்சோ அதுக்கப்புறம் தேதி போட்டிருக்கறத மட்டும் எடுன்னு நான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க திங்கக்கெழம எழுதிட்டு சனிக்கெழம தேதி போட்டா, இது பழசு, ஏற்கெனவே எடுத்ததுதான்னு அது தாண்டிப் போயிருங்க. நீங்க நாள் தவறாம எழுதுனத எல்லாம் அது எடுத்திருக்குது. தள்ளி வெச்சு எழுதுனது ஒன்னக்கூட எடுக்கல."

ஒன்றும் நடக்காத நாட்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. எந்த நாட்களுக்காக எழுதத் தொடங்கினேனோ அவை மட்டும் இல்லை. கடைக்காரம்மாவுக்கு என்னைத் திட்டுவதா ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. "எனக்கு இது தோணவே இல்லீங்க சார். தேதிய இப்படிப் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தோணும்?" என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது பெட்டியைப் போர்வையில் சுற்றவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அப்ப இல்லாத நாளெல்லாம் எனக்கு ஃபிட்ஸ் வந்த நாளுன்னு வெச்சுக்கலாமில்ல?"

"அப்படி வைக்க முடியாது. கல்யாணம், சாவு, கரண்டு இல்லாத நாள்னு வேற காரணத்துக்கும் தள்ளி எழுதியிருக்கேன். எது எதுன்னு இப்ப எனக்குத் தெரியாது."

"கல்யாணமெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க தேதியப் படிங்க."

டாக்டருக்கு வேண்டியது இப்போதைய மாத்திரை தொடங்கிய பிறகு உள்ள இரண்டரை வருடம். அதில் விடுபட்ட தேதிகளை மட்டும் கிழமையோடு ஒரு தாளில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு நான் பேனாவோடு படிக்கப் படிக்க, அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேதிகளோடு பக்கத்து நாட்களின் கோப்புகளிலிருந்தும் ஒன்றிரண்டு வரிகளைப் படித்துக் காட்டினேன். அது போதும் அவளுக்கு.

"இது எங்கக்கா பேத்திக்குச் சடங்கு சுத்துன நாளு. வடை ஊசிப்போச்சுன்னு சம்பந்தி வூட்டுக்காரங்க மொறச்சாங்க. அடிங்க."

அந்தத் தேதியைக் குறுக்கே அடித்தேன்.

"இது நீங்க பல்லு புடுங்குனது. ஊரே கேக்கற மாதிரி மொனகிக்கிட்டுக் கெடந்தீங்க. நான் நல்லாத்தான் இருந்தேன், கஞ்சி வெச்சுக் குடுத்தேன். அடிங்க."

"இது?"

"மேட்டு வூட்டுப் பெரியவரு செத்தது. மழை. பாடையத் தூக்கிட்டுப் போயி மண்டபத்துல நிறுத்தி வெச்சாங்க. அடிங்க."

ஐந்து வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறவன் நான். அவளோ எதையும் எழுதாமல், வடை ஊசிப்போனதிலிருந்து பாடை நனைந்தது வரைக்கும் வைத்திருந்தாள். பிறகு ஒரு தேதியைப் படித்தேன். அவள் யோசித்தாள். முந்தின நாளைப் படித்தேன், கடலைக்காய் காயப் போட்டது. மறுநாளைப் படித்தேன், அவள் நாள் முழுக்கத் தூக்கம். நடுவில் உள்ள நாளுக்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

"தெரியலீங்க," என்றாள்.

அப்படித் தெரியவில்லை என்று அவள் சொன்ன தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டேன். வலிப்பு வந்த நாள் அவளுக்கு எப்போதும் நினைவிருப்பதில்லை. முடிந்ததும் அடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டு, "எப்ப விழுந்தேன்?" என்று கேட்பாள். வட்டங்கள் கூடக்கூட அவளுடைய குரல் மெதுவானது. இரண்டாம் பக்கத்தில் அடிப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "தெரியல," "தெரியல," என்று வரிசையாக வந்தது.

முடிந்ததும் தாளை வாங்கி மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தில் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே இரண்டு மாதம், மூன்று மாதம் கிடந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ஒரே மாதத்தில் இரண்டு, அதற்கடுத்த மாதத்தில் மூன்று. அவள் விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தாள்.

"கொறஞ்சிருக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே."

சொன்னது உண்மைதான். பிந்தி வந்தவை முன்னைப்போல நீளமாக இல்லை, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். அதைத்தான் நான் குறைந்ததாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளையும் தனித்தனிக் கோப்பில் பூட்டி வைத்தவன், ஒருநாளும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கணக்கு முழுதாக இருந்திருந்தாலும் டாக்டர் மேசையில் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

தாளை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு டாக்டரு கேட்டா கம்ப்யூட்டரு போயிருச்சுன்னு சொல்லிருங்க. அதுல பொய்யி ஒன்னுமில்லையே."

"சரி," என்றேன்.

அவளுக்காகச் சொன்னேனா, நான் சொன்னது தவறு என்று டாக்டர் முன்னால் தெரியக்கூடாது என்பதற்காகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தொப்பூர் கணவாயில் பேருந்து இறங்கும்போது அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் கோப்பைத் திறந்தார். "வாங்க. கணக்கு கொண்டு வந்தீங்களா?"

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க டாக்டர். எல்லாம் அழிஞ்சிருச்சு."

"அடடா. சரி, போன தடவை சொன்ன மாதிரி குறைஞ்சுதானே இருக்கு?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் இருந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு டாக்டர் பேனாவைத் திறந்தார். "அப்ப ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிப் பார்ப்போம்," என்று எழுதத் தொடங்கினார்.

"டாக்டர், ஒரு நிமிசங்க."

அவள் மணிபர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை அவள் எடுத்துவந்தது எனக்குத் தெரியாது. "கம்ப்யூட்டரு போனது நெசந்தாங்க. இது நாங்க ரெண்டு பேருமா ஒக்காந்து எழுதுனது. வட்டம் போட்டிருக்கறது எனக்கு வந்த நாளு."

டாக்டர் தாளை விரித்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கடைசி ஐந்து வட்டங்களுக்குக் கீழே கோடு போட்டார். "ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"பின்னால வந்தது ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம் இருக்கும். ஒவ்வொன்னுக்கும் எழுதி வெச்சது போயிருச்சுங்க," என்றேன்.

"எந்தப் பக்கம் முதல்ல இழுத்துச்சு?"

"அதுவும் போயிருச்சுங்க."

அவர் என்னைக் கோபிக்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்: "குறைக்கிறது இப்ப வேண்டாம்மா. இன்னொண்ணு சேர்த்தாகணும்."

"அதத்தான் நெனச்சேன்," என்றாள். "தூக்கம் இன்னும் வருமாங்க?"

"முதல்ல வரும்."

"பேச்சு?"

"கொஞ்சம் தடுமாறும். போகப் போகப் பார்ப்போம்."

வெளியே மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது, ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். கொடுத்திருக்கக்கூடாது என்பதற்காகக் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாதின்னு அவுரு எழுத ஆரம்பிச்சப்ப ஆசையாத்தாங்க இருந்துச்சு. அப்புறம், பஸ்ஸுக்குள்ள நான் ஒருத்தியா உழுந்து கெடக்கறாப்பல தோணுச்சு. சுத்தி நின்னு வேடிக்க பாக்கறாங்க. யாருக்கும் என்னா பண்றதுன்னு தெரியல." மருந்துச் சீட்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க என்னாடான்னா ஊமையாட்டம் ஒக்காந்திருக்கீங்க."

மாத்திரை அட்டைகளை எண்ணி அவளே பையில் போட்டுக்கொண்டாள். பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது, "இனிமே எழுதுனா எனக்குப் படிச்சுக் காட்டுங்க. என் ஒடம்புல நடந்தது, எனக்கே தெரியாம உங்க பொட்டிக்குள்ள கெடக்குது," என்றாள்.

புதிய மாத்திரை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை வந்தது. முடிந்ததும் நோட்டில் எழுதுகிறேன், எழுந்து உட்காரும் தெம்பு அவளுக்கு வந்ததும் படித்துக் காட்டுகிறேன். மாலை ஐந்து மணி வெளிச்சத்தில், கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பாள். எந்தக் கை இழுத்தது, எத்தனை நிமிடம் என்று படித்துக்கொண்டு போவேன். மூன்றாவது வரிக்குள் தூங்கிவிடுகிறாள். நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். விழித்ததும், "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்பாள். சொல்வேன். "அதுக்கப்புறம்?" என்பாள். விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். அடுத்த வரியை நான் முடிப்பதற்குள் மறுபடி கண் மூடியிருக்கும்.